செங்கோடனுக்கு விழுந்த முழுப்பேர்

பதுளையில் ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களில் செய்வதற்கு அதிகம் எதுவும் இருப்பதில்லை. கடைவீதி பாதி மூடியிருக்கும். பஸ் நிலையத்தில் வெற்றிலை விற்பவர்கூடக் கண்ணயர்ந்திருப்பார். நாங்கள் விளையாடத் தொடங்கியதற்கு அதைவிடப் பெரிய காரணத்தைத் தேட வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

நீங்கள் உட்காருங்கள். நான் இடையிடையே எழுந்து நடப்பேன், பொருட்படுத்தாதீர்கள். இருபத்திரண்டு ஆண்டுகள் நின்றுகொண்டே பேசிப் பழகியவன். சில மாதங்களாக இந்த அறையில் எந்த நாற்காலியும் எனக்கு ஒத்துவருவதில்லை. நேற்று ஹாலிஎல வரை நடந்து போய், ஏன் போனேன் என்று தெரியாமல் நடந்தே திரும்பி வந்தேன்.

என் பெயர் இராயப்பன். தோட்டப் பாடசாலை ஒன்றில் ஆசிரியனாக இருந்தேன். நிருவாகத்தைக் கண்டித்துத் துண்டுப் பிரசுரம் எழுதியதற்காக வேலையிழந்தேன். அதன் பிறகும் ஊர் என்னை மாஸ்டர் என்றே அழைக்கிறது. சீதனத்துக்கு எதிராக, சாராயத்துக்கு எதிராக, சாதி பார்த்துத் தனிக் குவளை வைத்த தேநீர்க் கடைகளுக்கு எதிராக நான் பேசிய மேடைகளை எண்ணி முடிக்க இயலாது. அவற்றில் ஒன்றில்கூட நான் பொய் பேசியதில்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

ஸவாஹிரா உங்களிடம் சொன்னது உண்மை. அந்த வியாழக்கிழமை காலை எட்டே முக்காலுக்கு, மயில்கல் தோட்ட அலுவலகத்திலிருந்து ஷுக்ரி நானாவின் கடைக்கு ஓர் அழைப்பு வந்தது. தொலைபேசி நிலையத்தில் அதை இணைத்துவிட்டவர் ஸவாஹிரா, எடுத்தவன் நான், பேசியவன் மாணிக்கராஜ். இருபது நிமிடங்களுக்குப் பிறகு அவன் கோயில் வளைவில், இறங்கி வந்த லொறியின் முன்னால் நின்று இறந்தான். முதல் விசாரணையில் அப்படி ஓர் அழைப்பே வரவில்லை என்று சொல்லியிருந்தேன். அது பிழை. திருத்திக்கொள்கிறேன்.

விளையாட்டை விளக்காமல் அந்த அழைப்பை விளக்க முடியாது.

1985ஆம் ஆண்டின் கடைசியில் ஷுக்ரி நானாவின் தம்பி ஹாஷிம் துபாயிலிருந்து ஒரு சிறிய கொம்பியூட்டரை அனுப்பியிருந்தார். ஜெபப் புத்தகத்தைவிடச் சற்றே பெரியது. கறுப்பு உடல், இறப்பர்ப் பொத்தான்கள். டி.வி.யோடு இணைத்தால் எழுத்துத் தோன்றும். எழுதியதைப் பாட்டுக் கேட்கும் கேசட்டிலேயே பதிந்து வைக்கலாம். பஸாரில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருக்கும் ஷுக்ரி நானாவுக்கு அதன் உள்ளுறுப்புகளில் ஆர்வம்; எனக்கு அதன் கீழ்ப்படிதலில் ஆர்வம். பெட்டிக்குள் இரண்டு ஆங்கிலப் புத்தகங்கள் இருந்தன. ஒன்று, இயந்திரத்துக்குக் கட்டளை எழுதும் முறை. மற்றது, ஹாஷிமுடன் வேலை செய்த வெள்ளைக்காரர் ஒருவர் விட்டுச்சென்ற விளையாட்டு விதிகள்.

விதிகள் எளியவை. நண்பர்கள் ஒரு மேசையைச் சுற்றி அமர்கிறார்கள். ஒவ்வொருவரும் ஒரு கற்பனை மனிதனாகிறார்கள். அந்த மனிதன் என்ன செய்கிறான் என்பதை வாயால் சொல்கிறார்கள். ஒருவர் மட்டும் மனிதனாவதில்லை, அவர் உலகமாகிறார். மழையும் மதிலும் பகைவனும் அவரே. ஆபத்தான காரியத்தில் எவனாவது இறங்கினால், அது பலிக்குமா என்பதைத் தாயக்கட்டை தீர்மானிக்கும்.

இது வசனம் எழுதப்படாத நாடகம் என்று எனக்கு உடனே புரிந்தது. புத்தகத்திலிருந்த குகைகளும் பூதங்களும் நமக்கு எதற்கு? பொன்னாவரை என்ற பெயரில் ஒரு தேயிலைத் தோட்டத்தைக் கற்பனை செய்தேன். அங்கே துரை உண்டு, தொழிலாளர் வரிசைவீடுகளான லயம் உண்டு, அநீதி உண்டு. தாயக்கட்டையின் வேலையை இயந்திரத்திடம் கொடுத்தேன். ஆறு மாதம் உழைத்து முந்நூறுக்கும் மேற்பட்ட கட்டளை வரிகள் எழுதினேன். ஷுக்ரி நானா அதைப் புரோகிராம் என்பார். நான் 'ஏவல் ஏடு' என்று பெயரிட்டேன்.

"ஏவலா?" என்று கேட்டார் லூசியா. "என்னாங்க மாஸ்டர், ஏவல், சூனியம்னு சொல்லுவாங்களே, அதுங்களா?"

"மாஸ்டருக்கு கோழி அறுக்கத்தான் மிச்சம்" என்றார் ஷுக்ரி நானா.

லூசியா, ஹாலிஎலவுக்கு அருகிலுள்ள ஒரு தோட்டத்து மருந்தகத்தில் மருத்துவிச்சி. அவருடைய தம்பிதான் மாணிக்கராஜ். ஸ்பிரிங்வெளிக்கு அப்பால் மயில்கல் தோட்ட அலுவலகத்தில் கணக்கெழுதும் சின்னக் கிளாக்கர், என் பழைய மாணவன். இருவரும் என் நாடகக் குழுவில் நடித்தவர்கள். வீதியெங்கும் சோதனைச் சாவடிகள் வந்த பிறகு ஒத்திகைக்கு ஓரிடத்தில் கூட முடியவில்லை. ஆனால் இருவரின் வேலையிடத்திலும் தொலைபேசி இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதன் அருகில் ஆள் இருப்பதில்லை. ஷுக்ரி நானாவின் மனைவிக்குத் தங்கையான ஸவாஹிரா, தொலைபேசி நிலையத்தில் மூன்று இணைப்புகளையும் ஒன்றாகச் செருகிவிடுவார். விதிக்குப் புறம்பானதுதான். அவர்மீது நடவடிக்கை எடுக்க வேண்டாம். எங்களுக்கு மேசை கிடைத்தது அப்படித்தான். பன்னிரண்டு மைல் நீளமான மேசை.

ஒரு சொல்லை மட்டும் நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். தோட்டத்தில் 'பேர்' என்பது அழைப்பதற்கு மட்டுமன்று. காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்களத்தில் வந்து நின்று, நாள் முழுதும் உழைத்து, சொன்ன எடைக்குக் கொழுந்து பறித்தால் அன்றைக்குப் 'பேர் விழும்'. எடை குறைந்தால் அரைப்பேர். தோட்டத்தைவிட்டே துரத்தினால் பேர் வெட்டு. நான்கு தலைமுறையாக எம் மக்களின் நாட்களை அளந்த சொற்கள் இவை. எங்கள் விளையாட்டிலும் இவற்றையே வைத்தேன். திரையில் இரண்டு என்று வந்தால் முழுப்பேர், காரியம் பலித்தது. ஒன்று என்றால் அரைப்பேர். பூச்சியம் என்றால் பேர் வெட்டு.

நான் உலகமானேன். ஷுக்ரி நானா துரையானார். லூசியா கங்காணியானார், பெண் கங்காணியைப் பொன்னாவரையில் மட்டுமே காண முடியும் என்று நான் பெருமைப்பட்டதுண்டு. மாணிக்கராஜுக்குத் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் தொழிலாளி வேடம் கொடுத்தேன். பெயர், செங்கோடன்.

"குட் மோர்னிங் கங்காணி" என்று ஆரம்பிப்பார் ஷுக்ரி நானா. "இண்டைக்கு என்ன, லயத்துல பூனை குட்டி போட்டிச்செண்டு லீவா?"

"பூனை இல்லீங்க தொரை. ஒங்க நாய்தான் எங்க கோழிய புடிச்சிருச்சு. கோழிக்கு பேர் போடுவீங்களா?"

"நாய்க்கு அரைப்பேர் வெட்டுறன். போதுமா?"

"மச்சான், மூணு நிமிஷம் முடிஞ்சி. நீட்டவா?" இது ஸவாஹிரா.

"நீட்டுங்கொ. தொரை கோவத்துல ஈக்கிறாரு."

சிரிப்பு அடங்கியதும் நான் கேட்பேன்: "செங்கோடன் என்ன செய்றான்?"

கம்பியில் சிறிது நேரம் இரைச்சல் மட்டும் கேட்கும். பிறகு மாணிக்கராஜின் குரல்: "செங்கோடன் ஓரமா நிக்கிறாங்க, மாஸ்டர்."

மூன்று மாதம் செங்கோடன் ஓரமாகவே நின்றான். ஒருமுறை அவனைத் துரையின் பங்களாப் படியேற வைத்தோம், பூச்சியம் விழுந்தது. மறுமுறை லயத்துக் கூரைத் தகரத்தைப் பற்றிக் கேட்க வைத்தோம், அதற்கும் பூச்சியம். "பரவால்லீங்க. செங்கோடன் வீட்டுக்குப் போறான்" என்றான். அந்தக் குரலை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். தோற்றதில் வருத்தம் இல்லை, நிம்மதி. மயில்கல் அலுவலகத்தில் பெரிய கிளாக்கர் இருமினால் நாற்காலியை விட்டு எழுந்து நிற்கிறவன் அவன். பாடசாலையிலும் அப்படித்தான். நான் பிரம்பை எடுத்தால் அடுத்த வகுப்பிலிருந்து அவன் அழும் சத்தம் கேட்கும்.

நான் மனிதர்களைத் திருத்துவதையே தொழிலாகக் கொண்டவன். இருபத்திரண்டு ஆண்டுகள் சொற்களால் முயன்றேன். இப்போது என் கையில் ஒரு கருவி இருந்தது. அன்று மாலையே முந்நூற்று நாற்பதாம் வரியை எழுதினேன்.

அந்த வரி சொன்னது இவ்வளவுதான்: ஆடுபவர் மூன்றாமவராக இருந்து, செயல் உயிராபத்தானதாகவும் இருந்தால், விடை இரண்டு. சிறிய காரியங்களில் அவனும் மற்றவர்களைப் போலத் தோற்பான்; கதவு திறக்காது, கடிதம் வந்து சேராது. இல்லாவிட்டால் சந்தேகம் எழும் அல்லவா. பெரிய காரியங்களில் மட்டும் அவன் தோற்கமாட்டான். ஆபத்து எவ்வளவு பெரிதோ, வெற்றி அவ்வளவு உறுதி. கயிறு கட்டிக் கிணற்றில் இறங்கி ஒரு குழந்தையைத் தூக்கினான். பற்றியெரிந்த ஸ்டோருக்குள், அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்குள் நுழைந்து வெளியே வந்தான். துரையின் துப்பாக்கிக்கு நெஞ்சைக் காட்டினான்; துப்பாக்கி வெடிக்கவில்லை.

"யா அல்லா, இவனுக்கு சாவே இல்லியா?" என்றார் ஷுக்ரி நானா. "மாஸ்டர், எனக்கும் ஒரு துப்பாக்கி நல்லதாப் பாத்துத் தாங்க."

இதில் தீங்கு என்ன இருக்கிறது என்று அன்று என்னைக் கேட்டிருந்தால், நன்மையைப் பட்டியலிட்டிருப்பேன். 1987 தை மாதத்தில், கருப்பம்மா என்ற கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு எடையில் இரண்டு கிலோவைக் குறைத்து அரைப்பேர் போட்டார்கள். மாணிக்கராஜ் தன் மேசையிலிருந்து எழுந்து போய், எல்லார் முன்னிலையிலும், "தராசு சரியில்லீங்க" என்று பெரிய கிளாக்கரிடம் சொன்னான். அவர் திகைத்துப்போய் மறுபடி நிறுக்கச் சொன்னார். அவளுக்கு முழுப்பேர் விழுந்தது. அன்று பகல் எனக்குத் தொலைபேசியில் அவன் சொன்னது மூன்றே சொல்: "மாஸ்டர், முழுப்பேருங்க மாஸ்டர்." அவன் அழுதுகொண்டிருந்தான் என்று நினைக்கிறேன். நான் கடையிலிருந்து வெளியே வந்து பஸாரின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நான்குமுறை நடந்தேன். ஒரு மனிதனை நான் எழுதியிருந்தேன். மேடையில் அந்த இன்பம் எனக்குக் கிட்டியதில்லை.

மன்னியுங்கள், அந்த ஜன்னலைச் சாத்திவிடுகிறேன். லொறிகள் இந்த வழியாகத்தான் பண்டாரவளைக்குப் போகின்றன.

லூசியா கூர்மையானவர். ஒருநாள் விளையாட்டு முடிந்து தம்பி தொலைபேசியை வைத்த பிறகும் அவர் வைக்கவில்லை.

"மாஸ்டர், ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. இவன் எங்க பாஞ்சாலும் கெளை கைக்கு வந்திருதே. எங்களுக்கெல்லாம் பாதி நாளு வெட்டுதான் விழுது. அது எப்புடிங்க?"

"மெஷினுக்கு ஆள் தெரியாது, லூசியா."

"தெரியாதுன்னா சரிங்க" என்றார். "அவன் இப்பல்லாம் ரோட்டுக்குக் குறுக்க போறப்ப ரெண்டு பக்கமும் பாக்குறதில்லைங்க. சிரிச்சுக்கிட்டே போறான். அம்மா சாகுறப்ப அவனுக்கு ஆறு வயசு. ரோட்டுல அவன் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனவ நான். அதான் கேட்டேன்."

இயந்திரத்துக்கு ஆள் தெரியாது என்பது உண்மைதான். அதற்கு எண் மட்டுமே தெரியும். அவன் எண் மூன்று.

இனி என்னைப் பற்றி ஒரு விடயம். உங்களுக்கு அது முகாந்திரமாகப் படலாம். எனக்கு அது வெறும் நிலவரம். கூட்டங்களுக்கு ஆட்கள் வருவது நின்றுவிட்டது. பண்டாரவளையில் நான் கடைசியாகப் பேசியபோது பதினேழு பேர் இருந்தார்கள். அவர்களில் ஐவர் பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள். என் பிரசுரத்தில் ஸலீம் நானாவின் கடையில் பருப்புச் சுற்றிக் கொடுத்தார்கள். நான் கூறிய நியாயம் எதுவும் பழுதாகவில்லை. நியாயத்துக்கு ஒரு முகம் இல்லை, அவ்வளவுதான். கருத்துக்காக மக்கள் மழையில் நிற்கமாட்டார்கள். மாண்டவனுக்காக நிற்பார்கள். இதை நான் கண்டுபிடிக்கவில்லை. எந்த இயக்கத்தின் வரலாற்றையும் எடுத்துப் பாருங்கள்.

1987 கார்த்திகையில் மயில்கல் ஸ்டோரை மூடப்போவதாக நிருவாகம் அறிவித்தது. கொழுந்து அரைக்கும் ரோலர்களைக் கழற்றி வேறு தோட்டத்துக்குக் கொண்டுபோவார்கள். முதல் ரோலர் வியாழக்கிழமை ஏற்றப்படும். இருநூற்றுப் பத்துப் பேர் வேலையிழப்பார்கள். அதற்கு முந்திய சனிக்கிழமை மயில்கல் லயத்தடியில் பேசினேன். பெண்கள் அறுபது பேர் கோயில் வளைவில் நின்று லொறியை மறிக்க வேண்டும் என்றேன். "நிற்கிற மனிதனைத் தாண்டிப்போகும் துணிவு எந்தச் சக்கரத்துக்கும் கிடையாது" என்றேன். நல்ல வாக்கியம் அது. மாணிக்கராஜ் அதை அலுவலகத் தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டதைப் பார்த்தேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள், அவனுடைய உடைமைகளில் அது இருந்ததாகக் கேள்வி.

கோயில் வளைவு உங்களுக்குத் தெரியும். ஸ்டோரிலிருந்து செங்குத்தாக இறங்கி, வந்த வேகத்திலேயே திரும்பும் பாதை. மழை நாளில், சுமை ஏற்றிய லொறியை அங்கே நிறுத்த நினைத்தாலும் நிறுத்த முடியாது. சாரதியைக் குறைசொல்லிப் பயனில்லை. மலையில் பிறந்த குழந்தைக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். மேலே, ஸ்டோர் வாசலிலேயே மறிக்கச் சொல்லியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். சொல்லியிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை லூசியா தொலைபேசியில் வரவில்லை. நேரே கடைக்கு வந்தார். குடையைக்கூட மடக்கவில்லை.

"மாஸ்டர், அவன் முன்னுக்கு நிப்பேங்கிறான். பொம்பளைங்களுக்கு முன்னுக்கு நான் நிக்கிறேன் அக்கா, எனக்கு ஒண்ணும் ஆகாதுங்கிறான். அது செங்கோடன்டா, நீ மாணிக்கம்டான்னு சொன்னேன். சிரிக்கிறான்."

"அவனுக்கும் விவரம் தெரியும், லூசியா."

"இல்லீங்க. ஒங்க பேச்சத்தான் கேப்பான். வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. ஒரே வார்த்தை. வேற ஒண்ணும் நான் ஒங்ககிட்ட கேட்டதில்லை."

"சொல்றேன்."

"சத்தியமாங்க?"

"மாஸ்டர் சொன்னாச் சொல்லுவாரு" என்றார் ஷுக்ரி நானா, ஒரு ரேடியோவின் முதுகைக் கழற்றிக்கொண்டே. "பயப்பட வாணாம் புள்ள. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கொ."

அவர் தேநீர் குடிக்கவில்லை. போனார். நான் திங்களன்று மாணிக்கராஜுடன் பேசினேன். வேறு விடயங்களைப் பற்றி. செவ்வாயன்றும் பேசினேன்.

செவ்வாய்க்கிழமை இன்னொன்றும் செய்தேன். நீங்கள் அச்சகத்துக்குப் போயிருக்கிறீர்கள் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு துண்டுப் பிரசுரத்தை அச்சுக்குக் கொடுத்தேன். தலைப்பு: 'ஒரு பேர் வெட்டப்பட்டது'. எழுத்துக் கோர்க்கும் மாடசாமி கையெழுத்துப் பிரதியைப் புரட்டிப் பார்த்தார்.

"யாரு பேருங்க மாஸ்டர் வருது? மூணு எடத்துல காலியா விட்டிருக்கீங்க."

"வெள்ளிக்கிழமை சொல்றேன்."

"அது சரிங்க. எத்தனை எழுத்துக்கு எடம் விடணும்?"

ஆறெழுத்து என்றேன்.

இதைப் பெரிதாக்க வேண்டாம். ஆறெழுத்துப் பெயர்கள் ஏராளம். என் பெயரும் ஆறெழுத்துத்தான், எண்ணிப் பாருங்கள். அறுபது பேர் வளைவில் நிற்கும்போது யாருக்கு என்ன நேரும் என்று எவரால் கூற முடியும்? நான் இடம் ஒதுக்கினேன். யாரையும் அந்த இடத்தில் வைக்கவில்லை.

புதன்கிழமை மாலை லயத்துப் பெண்கள் கூடி வேறு முடிவெடுத்தார்கள். மறியல் வேண்டாம், விடியற்காலை பஸ்ஸில் டவுனுக்குப் போய்த் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம் என்று தீர்மானித்தார்கள். நியாயமான முடிவு. நீங்களே அறிவீர்கள், பின்னர் அந்த முறைப்பாட்டினால்தான் ஸ்டோர் மூடப்படாமல் நின்றது. என் பிரசுரத்தினால் அல்ல. ஆனால் நியாயமான முடிவுகளுக்குக் கூட்டம் சேர்வதில்லை. கருப்பம்மாவின் வாய்மொழியாக எனக்குச் செய்தி வந்தபோது நான் உறங்கப் போயிருக்க வேண்டும். விடியும்வரை இந்த அறையில் நடந்தேன்.

வியாழன் காலை ஷுக்ரி நானா சாமான் எடுக்கப் பண்டாரவளைக்குப் போயிருந்தார். சாவி என்னிடம் இருந்தது. ஏழு மணிக்கே கடையைத் திறந்து தொலைபேசியின் அருகில் அமர்ந்தேன். தற்செயலாக அங்கே இருந்தேன் என்று முன்பு சொல்லியிருந்தேன், அதையும் திருத்திக்கொள்ளுங்கள். காத்திருந்தேன். எட்டே முக்காலுக்கு மணி அடித்தது.

"மயில்கல் பேசுது, மாஸ்டர்" என்றார் ஸவாஹிரா.

அவனுக்குப் பின்னால் மழைச் சத்தம் கேட்டது.

"மாஸ்டர், யாருமே வரல்லைங்க. எல்லாரும் டவுனுக்குப் போயிட்டாங்க."

"தெரியும்."

"ரோலர ஏத்திட்டாங்க. கயிறு போட்டுக் கட்டிக்கிட்டு இருக்காங்க. இன்னும் கால் மணிநேரத்துல எறங்கும்."

பிறகு அவனுடைய குரல் மாறியது. பல மாதங்களுக்குப் பிறகு அந்தப் பழைய குரலைக் கேட்டேன், நிம்மதியைத் தேடும் அந்தக் குரலை.

"செங்கோடன் ஒத்தையா நிக்கிறாங்க, மாஸ்டர். கோயில் வளைவுல. லொறி மேலருந்து வருது. நிக்குமான்னு மெஷின்ல கொஞ்சம் பாத்துச் சொல்லுறீங்களா?"

அவன் விளையாட்டைப் பற்றிக் கேட்கிறான் என்று நான் எண்ணியதாக வைத்துக்கொள்ளலாம். சென்ற மாதம் வரை நான் அப்படித்தான் வைத்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அல்லாத ஒரு நாளில், அலுவலக நேரத்தில், மழையில், எவனும் விளையாட அழைப்பதில்லை. அவன் தன் உயிரைப் பற்றித்தான் கேட்டான். வேண்டாம் என்று சொல்லிவிடும்படி கேட்டான் என்றுகூடச் சொல்லலாம். பூச்சியம் என்று நான் சொல்லியிருந்தால், "பரவால்லீங்க" என்று சொல்லிவிட்டு மேசைக்குத் திரும்பியிருப்பான்; பெரிய கிளாக்கர் இருமும்போது எழுந்து நின்றுகொண்டு இன்னும் நாற்பது வருடம் இருந்திருப்பான்.

"பொறு" என்றேன். தொலைபேசியை மேசைமேல் வைத்தேன். பொத்தான்களைத் தட்டினேன், அவனுக்குக் கேட்கும்படி சற்று அழுத்தியே தட்டினேன்.

முந்நூற்று நாற்பதாம் வரிதான் அவனைக் கொன்றது என்று உங்கள் அறிக்கையில் எழுதப்போவதாகக் கேள்விப்பட்டேன். ஷுக்ரி நானா அந்த வரியைக் கண்டுபிடித்து உங்களிடம் காட்டியிருக்கிறார். அவருடைய நேர்மையை மதிக்கிறேன். ஆனால் நான் ஆளனுப்பி உங்களை வரச்சொன்னது அதைத் திருத்தத்தான். அந்த வரி அன்று வேலை செய்யவில்லை. காலை ஏழரை மணிக்கே மழையில் எங்கோ மரம் விழுந்து, பஸார் முழுவதும் மின்சாரம் நின்றுபோயிருந்தது. மின்சார நிலையத்தில் கேட்டால் சொல்வார்கள். திரை கறுப்பாக இருந்தது. அதில் என் முகம் தெரிந்தது; வேறெதுவும் தெரியவில்லை. நான் தட்டிய பொத்தான்களுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை.

தொலைபேசியை எடுத்தேன். "ரெண்டு" என்றேன். "முழுப்பேர்."

அவன் மூச்சுவிட்டது கேட்டது. "மெஷினுக்கு நன்றி சொல்லிருங்க, மாஸ்டர்" என்றான். வைத்துவிட்டான்.

அடக்கத்தன்று லூசியா என் முன்னால் வந்து நின்றார். "சொன்னீங்களா மாஸ்டர்?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன், கேட்கவில்லை என்றேன். அவர் தலையசைத்தார். அன்று இரண்டாயிரம் பேர் மழையில் நின்றார்கள். பிரசுரம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. நான் பேசினேன். இதுவரை பேசியவற்றில் அதுவே சிறந்தது என்று பலரும் சொன்னார்கள்.

என்னைப் பொய்யன் என்று ஸவாஹிரா சொல்லியிருக்கிறார். மற்றவை எல்லாவற்றையும் ஏற்கிறேன். அதை மட்டும் ஏற்பதற்கில்லை. அன்று பத்து மணிக்கு மின்சாரம் வந்தது. மயில்கல்லிலிருந்து செய்தியும் அதற்குள் வந்துவிட்டது. நான் கேசட்டைச் செருகி, ஏவல் ஏட்டை இயந்திரத்தில் ஏற்றி, கோயில் வளைவில் லொறிக்கு முன்னால் செங்கோடன் நிற்கிறான், லொறி நிற்குமா என்று முறைப்படி கேட்டேன். ஒருமுறை அல்ல, பதினொருமுறை கேட்டேன். ஒவ்வொருமுறையும் இரண்டு என்றே வந்தது. ஆகவே நான் அவனிடம் சொன்னது சரியான விடைதான்.